செக்கருக்கு மிஞ்சிய சொல்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த செக்கர், நினைவு தெளிந்து முதன்முதலாக வாயைத் திறந்து சொன்னது "வேஸ்ட்" என்பதுதான். அதுவும் யாரிடம்? அவருடைய கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டாக்டரிடம். கட்டில் ஓரம் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செக்கரின் மனைவிக்கோ போன உயிர் திரும்பி வந்தது. "அவரேதான்டி. பழைய மனுஷன் அப்படியே திரும்பி வந்துட்டார்" என்று மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அப்படி நினைத்ததில் தப்பு ஒன்றுமில்லை. கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் பழுது பார்த்துக் கழிக்கும் செக்கருக்கு வேலையே அந்தச் சொல்லைச் சொல்வதுதான். பின்னாலிருந்து வெள்ளை விளக்கு எரியும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கழுத்தில் மயிரிழை விரிசல், அடியில் குமிழி, வாயில் சொட்டை, எதுவாக இருந்தாலும் எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட்டு "வேஸ்ட்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். இயந்திரச் சத்தத்தில் கணக்கு எடுப்பவர் காதில் விழ வேண்டுமே. மீசை அரும்பும் வயதில் சேர்ந்தவர், மீசை நரைத்து ஓய்வு பெறும் வரைக்கும் அதையே சொன்னார். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த மற்ற சொற்களை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். இந்த ஒன்றை மட்டும் சகல காரியத்துக்கும் வைத்துக்கொண்டார். சோறு குழைந்துபோனால் வேஸ்ட். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய புதுக் கார் வேஸ்ட். தேர்தலில் ஜெயித்தவர் வேஸ்ட், தோற்றவர் மகா வேஸ்ட். மகன் பொறியியல் படித்து வெளிநாட்டில் நல்ல வேலைக்குப் போனபோது கொஞ்ச நாள் அந்தச் சொல் வீட்டில் கேட்காமல் இருந்தது. பிறகு அவன் அனுப்பிய மசாஜ் நாற்காலி வந்து இறங்கியது. மறுபடி கேட்க ஆரம்பித்தது.

ஆனால் இப்போது நடந்தது வேறு. அன்று சாயங்காலம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் "வேஸ்ட்" என்றார். வலிக்கிறதா என்றதற்கும் அதையே சொன்னார். மனைவி தன்னைத் தொட்டுக்காட்டி, நான் யார் சொல்லுங்கள் என்று கேட்டபோது வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார், உதட்டைக் குவித்தார், நெற்றி நரம்பு புடைத்தது. கடைசியில் வந்து விழுந்தது அந்த ஒன்றுதான். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார்.

டாக்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். மூளையின் இடது பக்கம் அடிபட்டிருக்கிறது. அதனால்தான் வலது கையும் காலும் தொய்ந்திருக்கின்றன, பேச்சும் போயிருக்கிறது. நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரியும். திருப்பிச் சொல்லத்தான் சொல் கிடைக்காது. சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வரும். கெட்ட வார்த்தை தங்கிப்போனவர்கள்கூட உண்டு, உங்கள் அப்பாவுக்கு இது வந்திருப்பது ஒரு விதத்தில் பரவாயில்லை என்றார் டாக்டர்.

சின்னவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பெரியவன், இவள் சின்னவள். பரவாயில்லையா இல்லையா என்பது அவளுக்கல்லவா தெரியும். அந்தச் சொல்லை அவள் நெஞ்சுக்குள் மூன்று வருஷமாக நெருஞ்சி முள்ளைப் போல வைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிக்கொடுத்த இடத்தில் அவளால் இருக்க முடியவில்லை. கணவன் குடிக்கிறவனும் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் தங்கமான பிள்ளை என்பார்கள். அவன் செய்ததெல்லாம் ஒன்றுதான்: காலையில் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். சாயங்காலம் வந்து திறக்கும்போது சிரித்த முகமாகப் பூவோ பழமோ வாங்கி வருவான். அம்மாவிடம் போனில் அழுதால், அம்மா அப்பாவிடம் கொடுப்பாள். அப்பா, காலம் கெட்டுக் கிடக்கிறது, பாதுகாப்புக்காகப் பூட்டியிருப்பார், கொஞ்சம் அனுசரித்துப் போ என்பார். ஒரு நாள் சமையலறைக் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகியது. வீட்டுச் சொந்தக்காரர் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியோடு பிளம்பரைக் கூட்டிவந்து கதவைத் திறந்தார். அவர்கள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னவள் ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

பிறந்த வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது அப்பா தரையில் உட்கார்ந்து மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "வேஸ்ட்" என்றார். மறுபடி குனிந்துகொண்டார். அவ்வளவுதான்.

எது வேஸ்ட்? கல்யாணமா, அதற்குச் செய்த செலவா, அவனா, அவளா? சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லை. சின்னவள் கேட்கவும் இல்லை. அவளாகவே ஒரு பொருள் எடுத்துக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளிப் பெண்களுக்கான பார்லர் திறந்தாள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பால்காரர் வந்தாரா, கேஸ் தீர்ந்துவிட்டதா என்கிற அளவில் பேச்சை வைத்துக்கொண்டார்கள். அப்படி இருந்த மனிதர்தான் ஒரு காலையில் முகம் கழுவப் போன இடத்தில் சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பாடு இன்னும் பெரிதாயிற்று. அம்மாவுக்கு மூட்டுவலி, அவரைத் தூக்கி உட்காரவைக்க முடியாது. சின்னவள் பார்லருக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் போவது என்று மாற்றிக்கொண்டாள். சிநேகிதி ஒருத்தி அதுவரைக்கும் பார்த்துக்கொண்டாள். காலை முழுக்க அப்பா, "வேஸ்ட்", அம்மாவின் கண்ணீர், மறுபடியும் "வேஸ்ட்". அம்மா ஒவ்வொரு தடவையும் பதறிப்போவாள். காபியில் சர்க்கரை கூடிவிட்டதா, போர்வை குத்துகிறதா என்று வீட்டிலுள்ள சாமானையெல்லாம் அவர் முன்னால் கொண்டுவந்து காட்டுவாள். அவர் கோபத்தில் இடது கையால் கட்டிலை அடிப்பார். பெரியவன் வீடியோவில் கூப்பிட்டு, "எப்படி இருக்கீங்க அப்பா?" என்பான். "வேஸ்ட்" என்பார். அவன் முகம் சுண்டிப்போகும். அது வியாதி என்று தெரிந்தும் சுண்டிப்போகும்.

இதற்கெல்லாம் உச்சம் சவரக்காரர் விஷயம். செக்கருக்கு வழக்கமாக முடிவெட்டும் கடைக்காரர், பழகிய தோஷத்துக்கு வீடு தேடி வந்து சவரம் செய்யச் சம்மதித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் தொழிலில் ரோஷக்காரர். இடது கன்னம் முடித்துக் கண்ணாடியைக் காட்டி, "எப்படி அண்ணாச்சி, வழவழன்னு இருக்கா?" என்று கேட்டார். செக்கர் கண்ணாடியைப் பார்த்துத் தெளிவாக, திருத்தமாக, "வேஸ்ட்" என்றார். கடைக்காரர் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் போட்டார். நோயாளியாச்சே என்று அம்மா பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினாள். அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு அவர் போயே போய்விட்டார்.

பாதி முகத்தில் நுரையோடு செக்கர் உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. சின்னவள் சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு தன் பார்லர் பையை எடுத்துவந்து, அவருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்பாவைத் தொடுகிறாள். ஆஸ்பத்திரியில் தூக்கியதும் புரட்டியதும் அவளுக்குத் தொட்டதாகவே படவில்லை.

"வேஸ்ட்" என்றார் அவர், மெல்லிசாக.

"சரி, ஆடாம இருங்க" என்றாள் அவள்.

வலது கன்னத்தில் உணர்ச்சி குறைவு, தோல் தொங்கியிருந்தது. அதை இழுத்துப் பிடித்துக் கத்தியை ஓட்ட வேண்டியிருந்தது. பாதியில் அவர் மறுபடி அந்தச் சொல்லைச் சொன்னார், இந்த முறை கடைசியில் கொஞ்சம் தூக்கலாக. சின்னவளின் கை நின்றது. "எரியுதா?" என்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். அவள் தண்ணீர் தொட்டுக்கொண்டு மேலே செய்தாள்.

முடித்து எழுந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவர் சொன்ன சொல்லை அவள் கேட்கவில்லை, சொன்ன விதத்தைக் கேட்டிருக்கிறாள். பார்லரில் தினமும் அதுதானே வேலை. வருகிற எல்லாரும் "கொஞ்சமா வெட்டுங்க" என்றுதான் சொல்வார்கள். ஒருத்திக்குக் கொஞ்சம் என்றால் ஒரு விரற்கடை. இன்னொருத்தி தோள் வரைக்கும் வெட்டினாலும் சந்தோஷமாகப் போவாள். அவரவர் கொஞ்சத்தை அவரவர் முகத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணும் அதையே சொன்னாள். வாரா வாரம் அவளிடம் அழைத்துப்போனார்கள். சின்ன வயது, ஆனால் அவசரமே இல்லாதவள். அந்தச் சொல்லைத் தடுக்காதீர்கள், அவருக்கு இருக்கிற ஒரே வண்டி அது, அதிலேயே எல்லாச் சரக்கையும் ஏற்றி அனுப்புகிறார் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். வீட்டில் எல்லாரும் அவரைப் பரீட்சை வைப்பதுபோல, இது என்ன, அது என்ன என்று கேட்கிறீர்கள். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் அதைக் கேளுங்கள், கையாலோ கண்ணாலோ எதையாவது பிடித்துக்கொண்டு வந்து சேர்ப்பார் என்றாள்.

சின்னவள் அப்பாவின் செருப்பை மாட்டிவிடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

போகப் போக வீட்டுக்கு அந்தப் பாஷை பிடிபட ஆரம்பித்தது. வெட்டினாற்போல வந்தால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் டிவி சேனலை மாற்ற வேண்டும். இரண்டு தடவை சேர்ந்தாற்போல் வந்தால் அவசரம், பாத்ரூமுக்குத் தூக்கு. மனைவி பக்கத்தில் வந்து உட்காரும்போது மட்டும் ஒரு தணிந்த குரலில் சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னவள் கேட்டதற்கு அம்மா முகம் சிவந்து, "உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று எழுந்து போய்விட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் உலைக்காரர் வந்தார். அதே தொழிற்சாலையில் கண்ணாடி உருக்கும் உலையில் வேலை பார்த்தவர், செக்கரின் கூட்டாளி. மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டவருக்குச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்திருக்கிறது. வந்தவர் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன செக்கரே" என்றார். "வேஸ்ட்" என்றார் செக்கர். "ஆமாமா, வயசாச்சுல்ல" என்றார் உலைக்காரர். அப்புறம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். ஆமாம், பேசத்தான் செய்தார்கள். ஒருவர் பத்து வாக்கியம் சொன்னால் மற்றவர் ஒரு சொல் சொன்னார். பழைய மேனேஜர், கேன்டீன் டீ, செத்துப்போனவர்கள், இருக்கிறவர்கள் என்று பேச்சு ஓடியது. இடையில் இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அம்மா அடுப்பை மறந்து சமையலறை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ கொண்டுவந்த சின்னவளிடம் உலைக்காரர் சொன்னார்: "இந்த ஆளு வேஸ்ட்டு வேஸ்ட்டுன்னு தூக்கிப்போட்டதெல்லாம் என்கிட்டதான் வரும் பாப்பா. உடைச்சு மணலோட கலந்து திரும்ப உலையில போடுவோம். அது சேர்ந்தாத்தான் கண்ணாடி சீக்கிரம் உருகும், விறகு மிச்சம். விறகுன்னா கேஸ்தான். நாங்க அப்படிச் சொல்லிப் பழகிட்டோம்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். ஒரு சமயம் குழந்தைகள் மருந்துக்கான பாட்டில்கள் வந்தன. கழுத்துக்குக் கீழே கோடு மாதிரி ஒரு விரிசல், விளக்கில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். செக்கர் அந்தச் சரக்கு முழுவதையும் தொட்டியில் போட்டார். மேனேஜர் வந்து குதியாய்க் குதித்தார். இவர் பெல்ட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மூடியைத் திருகும்போது ஒரு சில்லு உள்ளே விழுந்தால் அது ஒரு குழந்தை வயிற்றுக்குப் போகும், நான் விட மாட்டேன் என்றார். அதற்காக அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வராமல் போயிற்று. "வெளிச்சத்துல வச்சுப் பார்க்காம ஒண்ணையும் விட மாட்டார். உன் கல்யாணத்துக்கு முன்னாடி எங்கிட்ட வந்து, பையனை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டேன்யா, ஒரு கீறல் இல்லைன்னாரு. அவ்வளவு சந்தோஷம்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, டீயை ஊத ஆரம்பித்தார்.

கட்டிலில் செக்கர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அப்பாவுக்குத் தலைக்கு ஊற்றி, முடி வெட்டிவிட உட்காரவைத்தாள் சின்னவள். ஜன்னலோரம் நாற்காலி, கழுத்தைச் சுற்றிப் பார்லர் துணி. அம்மா கடைக்குப் போயிருந்தாள். பிடரியில் சீப்பை வைத்துக் கத்தரிக்கோலை இரண்டு தடவை போட்டவள் நிறுத்தினாள். நாற்காலியைச் சுற்றி வந்து முன்னால் நின்றாள்.

"அப்பா. அன்னிக்கு நான் பையைத் தூக்கிட்டு வந்தப்ப வேஸ்ட்னு சொன்னீங்க. என்னையா சொன்னீங்க?"

அவர் தலை ஆட ஆரம்பித்தது. இல்லை என்று ஆடுகிறதா, சும்மா நடுங்குகிறதா என்று தெரியவில்லை. துணிக்கு அடியிலிருந்து இடது கையை வெளியே எடுத்தார். விரல்களைக் குவித்து, ஒரு பாட்டிலைக் கழுத்தில் பிடிப்பதுபோலப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். சுண்டு விரல்கூட அந்தக் காலத்தில் நின்றபடியே நின்றது. பிறகு அந்தக் கையை இறக்கி, தன் இடது கண்ணைத் தொட்டார். வலது கண்ணைத் தொட்டார்.

"வேஸ்ட்" என்றார்.

சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் மனசு லேசாகும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். வந்தது கோபம்.

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? அப்போ வாய் நல்லாத்தானே இருந்துச்சு உங்களுக்கு. நான் என்னன்னு நினைச்சுட்டு இந்த வீட்டுல இருந்தேன் தெரியுமா?"

அவர் அதற்கும் ஏதோ சொன்னார், அதே சொல்லைத்தான், உடைந்த குரலில், மூக்கு ஒழுக, திரும்பத் திரும்ப. அதில் எவ்வளவோ இருந்திருக்கும். அவள் பிரித்துப் பார்க்கவில்லை. துணியின் நுனியால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள். தன் மூக்கையும் துடைத்துக்கொண்டாள். பிறகு பின்னால் போய் மிச்ச முடியை வெட்டினாள். வலது காதுக்கு மேலே கொஞ்சம் ஏறிப் போய்விட்டது. கடையிலிருந்து வந்த அம்மா, "என்னடி இது, எலி கடிச்ச மாதிரி" என்றாள். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்காக மறுநாளிலிருந்து எல்லாம் தேனும் பாலுமாக ஓடிவிடவில்லை. அவளுக்கு அவ்வப்போது கோபம் வந்துகொண்டுதான் இருந்தது. பூட்டிய வீட்டில் கழித்த பகல்கள் நினைவுக்கு வந்தால் அப்பாவின் அறைக்குப் போகாமல் அம்மாவை அனுப்புவாள். அவர் காத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து அவளே போவாள். போய் அவர் எதிரில் உட்கார்ந்து, அந்த வீட்டில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாகக் காய்காரரிடம் பையைக் கயிற்றில் இறக்கி வாங்கியது, அண்டை வீட்டுக் குழந்தையோடு கதவின் இடுக்கு வழியாகப் பேசியது. அம்மாவிடம்கூடச் சொல்லாததெல்லாம் அவரிடம் வந்தது. சமாதானம் சொல்லவோ, அனுசரித்துப் போ என்று சொல்லவோ அவரால் முடியாது. முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் அந்த ஒற்றைச் சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். இந்தத் தடவை அது அவனைத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பயிற்சிக்காரப் பெண் விடாமல் உழைத்தாள். உதட்டைச் சேர்த்து ஊது, தாளம் போடு, கூடவே சொல் என்று என்னென்னவோ செய்தாள். வாழைப்பழப் படமும் பந்துப் படமும் மாறி மாறிக் காட்டினாள். வெயில் காலம் போய் மழைக் காலம் வந்தது. செக்கர் கோலை ஊன்றிக்கொண்டு அறைக்குள் நடக்கத் தொடங்கினார். பேச்சு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. அம்மா மனசைத் தேற்றிக்கொண்டாள். பெரியவனும் போனில் பழகிக்கொண்டான், பதில் வந்ததும் "நானும் நல்லா இருக்கேன்ப்பா" என்பான்.

ஒரு மத்தியானம். நல்ல மழை. அன்று பார்லருக்கு ஒரு கல்யாணப் பெண் வரப்போகிறாள், அலங்காரத்துக்கு. மழையைப் பார்த்ததும் சின்னவளுக்குக் கிளம்ப மனசில்லை. அப்பாவுக்கு மருந்து கொடுத்தாள், போர்வையைச் சரிசெய்தாள், ஜன்னலைச் சாத்தினாள், சிநேகிதியே பார்த்துக்கொள்ளட்டும் என்று மறுபடி முக்காலியில் உட்கார்ந்தாள். செக்கர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். உதட்டைச் சேர்த்தார், ஊதினார், இடது கையால் தொடையில் ஒரு தாளம் போட்டார்.

"போ" என்றார்.

அவள் கையிலிருந்த மருந்து மூடி கீழே விழுந்து உருண்டது. சமையலறையிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"என்ன சொன்னார்? என்னடி சொன்னார்?"

"போ" என்றார் செக்கர் மறுபடியும், இன்னும் அழுத்தமாக, வாசலைக் காட்டி.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டவளைக் கூப்பிடத் தோன்றியதா, இந்தச் சொல்தான் கிடைத்ததா என்று குறைப்பட்டாள். செக்கர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கண் மட்டும் மகள் மேலேயே இருந்தது.

சின்னவள் குடையை எடுத்தாள். தெருவில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பார்லர் வாசலில் கல்யாணப் பெண் தன் அக்காவோடு அப்போதுதான் நனைந்துபோய் வந்து நின்றிருந்தாள். அன்று அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னும்போது, மாப்பிள்ளையை நன்றாக விசாரித்தாயா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது சின்னவளுக்கு. கேட்கவில்லை. ஆனால் பின்னி முடித்ததும் பார்லர் அட்டையை எடுத்து அவள் கையில் வைத்து, "எப்ப வேணும்னாலும் வா, இந்தக் கதவு திறந்துதான் இருக்கும்" என்றாள். அந்தப் பெண் அதைச் சாதாரணமாக வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தன் பின்னலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.